பெரிய மரத்துக்கு ஒரு கூடாரம்

என் தம்பி பொண்டாட்டிக்கு நான் வைத்த பெயர் மேஸ்திரி. தோட்டத்தில் ஓர் எறும்பு வரிசை மாறி நடந்தால்கூடக் கூப்பிட்டு விசாரிப்பாள். கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்று நான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று, என் பெட்டியை வாங்குவதற்கு முன்னால் சேலையை உதறச் சொன்னாள்.

"அண்ணி, வழியில யார் தோட்டத்துக்குள்ளயாவது போனீங்களா?"

"வழி பூராவும் தோட்டம்தானேம்மா. நான் என்ன மேகத்துல நடந்தா வந்தேன்?"

"அப்ப இன்னொரு தடவை உதறுங்க."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஆரஞ்சு மரங்கள் நின்றிருந்தன. அவற்றை அழித்தது ஒரு பூச்சி. எள்ளில் பாதி இருந்தால் அதிகம். இலையில் மூக்கைக் குத்தி, பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்காரும் மரியாதை கெட்ட ஜென்மம். நோய் பிடித்த மரத்தில் சாறு குடித்த வாயை அடுத்த மரத்தில் வைத்தால் அதற்கும் நோய். மருந்து கிடையாது. இலை திட்டுத் திட்டாக மஞ்சளிக்கும். பழம் கோணிக்கொண்டு, அடிப்பக்கம் பச்சையாகவே நின்றுவிடும். ஒரு சுளை வாயில் போட்டால் ஏழு ஜென்மத்துக்குக் கசக்கும். தம்பி அத்தனை மரங்களையும் தன் கையாலேயே அறுத்துக் கொளுத்தினான். அந்தப் புகையில் சூரியனுக்கே கண் எரிந்திருக்கும். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவன் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் கையைத்தான் நீட்டுவான்.

பிறகு மறுபடியும் கன்றுகள் நட்டார்கள். இதுவும் போனால் தோட்டத்தையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அவர்கள் ஒரே வாயாகச் சொன்னது கல்யாணமான நாளிலிருந்து அது ஒன்றுதான்.

ஒவ்வொரு கன்றுக்கும் தலையிலிருந்து கால்வரை பொடிக்கண் வலைப்பை. அடியில் தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டு. வெள்ளை வெளேரென்று வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்தால், ஒரு தேசத்துக்கே ஒரே நாளில் ஆபரேஷன் முடித்து நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். மேஸ்திரி தினமும் காலையில் ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பாள். அந்தக் காபி ஆறி, ஆடை கட்டி, அதன்மேல் ஆளே நடக்கலாம்.

எல்லாம் சரி. ஒரே ஒரு பழைய மரம் மிச்சமிருந்தது. சமையலறை ஜன்னலை ஒட்டி, நோயின் அடையாளமே இல்லாமல் பச்சையாக நின்றது.

"அதையும் அறுத்துடு" என்றாள் மேஸ்திரி.

"அதுக்கு ஒண்ணுமில்ல."

"வெளியில தெரிய வருஷக்கணக்கா ஆகும். உனக்குத் தெரியாததா? இலையையாவது சோதனைக்குக் கொடு."

"நல்லா இருக்கறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, நோயாளியாக்கித்தான் திருப்பி அனுப்புவான்."

"மரத்தைப் பத்திப் பேசறியா, உன்னைப் பத்தியா?"

அவன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். ரம்பம் பிடித்த காய்ப்பு இன்னும் இருந்தது. "எல்லாத்தையும் நான்தான் வெட்டினேன். இந்த ஒண்ணை என்னால முடியாது."

மேஸ்திரி யாருக்கும் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. அன்று வந்தாள். "சரி. நிக்கட்டும். ஆனா அதுக்கும் வலை போடணும்."

சுருளோடு வலைத்துணி வாங்கி, கூடம் முழுக்க விரித்து, நாங்கள் மூன்று பேரும் தைத்தோம். ஊசி குத்தாத விரலே யாருக்கும் மிச்சமில்லை. பக்கவாட்டில் ஆளுயர ஜிப். மரத்தின் மேல் அதை ஏற்றி முடித்தபோது, சர்க்கஸ்காரன் யாராவது பார்த்திருந்தால் யானையோடு குடிவந்திருப்பான்.

அதற்குப் பிறகு மூன்று பேருமே ஒன்றை யோசிக்கவில்லை. மற்ற இடங்களில் பூச்சிமருந்து அடிக்கும்போது அந்த மரத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். மூடித்தானே இருக்கிறது, மருந்து எதற்கு? வலை பூச்சியை உள்ளே விடாது என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளே இருப்பதை அது வெளியேயும் விடாது. அந்தப் பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் கிட்டே சேர்க்காது.

கன்றுகள் வளர்ந்து, சட்டை சிறுத்துப்போன பிள்ளைகள் மாதிரி வலையை முட்டிக்கொண்டு நின்றன. பெரிய வலைகள் வந்து இறங்கின. வரிசை வரிசையாகத்தான் மாற்ற வேண்டும் என்றாள் மேஸ்திரி. "கூலியாளுங்க இன்னிக்கு ஒரு நாள்தான் வருவாங்க. மொத்தமா கழட்டிட்டு மொத்தமா போட்டுடலாம்" என்றான் தம்பி. காற்றில்லாத காலை. பக்கத்துத் தோட்டங்களும் அதற்குள் அதே நோயில் போய்விட்டன, பூச்சி எங்கிருந்து வரப்போகிறது? அவளும் தலையாட்டினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கன்றுகள் வெறும் உடம்போடு வெயிலில் நின்றன. அவ்வளவு பச்சை. தம்பி சிரித்தான். அந்தப் பல்வரிசையை நான் மறந்தே போயிருந்தேன்.

"அக்கா, இரு, உனக்கு ஒரு பழம் பறிச்சிட்டு வரேன்."

கூடாரத்தின் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்து, உள்ளே போய்க் கை நிறையப் பழத்தோடு வந்தான். ஜிப்பை மூடவில்லை. சமையலறை மேஜையில் வைத்து அவனே ஒன்றை நறுக்கினான்.

பழம் கோணலாக இருந்தது. ஒரு பக்கம் புடைப்பு, ஒரு பக்கம் ஒட்டல். அடிப்பக்கம் பச்சை. விதையெல்லாம் சுருங்கிக் கறுத்துக் கிடந்தது.

மேஸ்திரி பழத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் சட்டைத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்று, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே, திறந்த ஜிப் வழியாக, யாரோ மிளகுத்தூளைக் காற்றில் ஊதிவிட்ட மாதிரி ஒரு புகைச்சல் கன்றுகள் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"வலையைப் போடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

நானும் கத்தினேன். டிரைவருக்கு விசில் கொடுத்துப் பழகிய தொண்டை; அடுத்த ஊரில் பஸ்ஸே நின்றிருக்கும். ஆட்கள் புதிய வலைகளை எடுத்துக் கன்றுகளின் தலையில் கவிழ்த்தார்கள். நாலைந்து வரிசை முடிந்ததும் மேஸ்திரியே நடுவில் நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்க. போடாதீங்க. பூச்சியை உள்ள வச்சுல்ல கட்டறோம்."

அன்று பொழுது சாயும்வரை மருந்தடித்தார்கள். கொழுந்து கொழுந்தாகப் புரட்டிப் பார்த்து நசுக்கினோம். பெரிய மரத்தை யாரும் சொல்லாமலே தம்பி அறுத்தான். பிறகு வலைகளைக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். இந்த நோய்க்கு அவசரமே கிடையாது. பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தாவுக்கே பொறுமை கற்றுக்கொடுக்கும்.

மழை முடிந்த ஒரு காலையில் மேஸ்திரி ஓர் இலையோடு உள்ளே வந்தாள். நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி மஞ்சள் திட்டு, அந்தப் பக்கம் வேறு மாதிரி. மேஜையில் தம்பி முன்னால் வைத்தாள். அடுத்த வாரம் இலைகள் ஒரு கை நிறைய வந்தன. அப்புறம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள்.

"கொண்டு வந்தா மேஜை பத்தாது அண்ணி" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே ஜோக் அதுதான்.

அறுக்கும் நாளன்று தம்பி முதல் கன்றின் வலைக்கட்டை அவிழ்க்கப் போனான்.

"கழட்டாத" என்றாள். "உள்ள ஏதாவது இருந்தா பறந்துடும். அப்படியே அறு."

"அறுத்து என்ன பண்ணப்போறோம், நாமதான் கிளம்பறோமே?"

"அடுத்து இங்க வர்றவங்க நட வேண்டாமா?"

அவன் ரம்பத்தை வைத்தான். இழுத்தான். பல் பட்டையில் பிடிக்காமல் நழுவியது. மறுபடியும் வைத்தான். மறுபடியும் நழுவியது. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவள் நான்; இதை உள்ளபடிதான் சொல்கிறேன். மேஸ்திரி பக்கத்தில் மண்டிபோட்டு ரம்பத்தை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நீ பிடிச்சுக்கோ. சாயாம பிடி."

அவன் வலையோடு சேர்த்துத் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் அறுத்தாள்.