மட்கார்டுக்குள் மூன்று சென்ட்

சுயம்புலிங்கத்தின் ஜீப்பில், இடதுபக்கப் பின்சக்கரத்து மட்கார்டுக்குள், மூன்று சென்ட் நிலம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. போன வாரம் ஒன்றரை சென்ட் வந்தது. அதற்கு முந்தின வாரம் மழை, அதனால் ஒரு குளத்தில் கால்வாசி வந்தது. தேரிக்குள் வண்டியை விட்டால் ஏதாவது ஒட்டத்தானே செய்யும்.

தேரி என்றால் செக்கச்செவேலென்று கிடக்கும் மணற்காடு. அந்த மண்ணை ஈரத்தோடு தொடவே கூடாது. தொட்டால் அப்பிக்கொண்டு உயிரை வாங்கும். முதலில் காயவிட வேண்டும். அப்புறம் ஈர்க்குமாறு, அப்புறம் பழைய டூத்பிரஷ், கடைசியில்தான் தண்ணீர். சுயம்புலிங்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தூசியைத் தட்டாமல் துடைத்தால் கீறல் விழும் என்று ஊரில் பாதிப் பேரிடம் சொல்லி அலுத்தவர். கடைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. ஞாயிறு ஜீப்பை அழுக்காக்க, திங்கள் அதைக் கழுவ.

அவர் மனைவி ராஜகனி. வீட்டுக்குள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் சிலிண்டர் தீர்ந்தது, மல்லித்தழை வாடிவிட்டது, இந்த ரகம்தான். சண்டை கிண்டை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணலில் ஏறும்போது, ஸ்டியரிங் ராஜகனி கையில் இருக்கும். மேட்டு உச்சியில் வண்டி ஒரு நொடி வானத்தைப் பார்த்து நிற்கும். அப்போது அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வீட்டில் வராது. அதற்காகத்தான் சுயம்புலிங்கம் மீதி ஐந்து நாளும் கடையைத் திறக்கிறார்.

அன்று திங்கள். பத்து மணிக்கு சர்வேயர் ஆறுமுகநயினார் சங்கிலியோடு வந்தார். சங்கிலியின் ஒரு முனையைச் சுயம்புலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு மட்கார்டுக்குள் போனார். சங்கிலி போய்க்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் திரும்பி வந்து, சரியாக மூன்று சென்ட் என்றார். தேரியை ஒட்டிய கள்ளிவிளை ஊரில் நேற்றிலிருந்து அதே மூன்று சென்ட்தான் குறைகிறதாம். தப்பு யார் மேலும் இல்லை என்று அவரே ஆறுதலும் சொன்னார். ஆனால் நாலு மணிக்கு நிலம் எங்கே இருக்கிறதோ, அங்கேயே அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். ஜீப்பில் இருந்தால் ஜீப்பும் நிலம்.

“ஜீப்பு நெலமாயிட்டா என்ன அண்ணாச்சி?” என்று சுயம்புலிங்கம் கேட்டார்.

“நெலம் நகரப்படாது.”

“அப்போ ஞாயித்துக்கெளம?”

சர்வேயர் பையிலிருந்து ஒரு காலண்டரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “ஒங்க வீட்டுக்கு மட்டும் சனிக்கு அடுத்தாப்ல நேரா திங்கள் வரும்,” என்றார்.

சுயம்புலிங்கம் சாவியை எடுத்துக்கொண்டார். இப்போதே வண்டியை ஓட்டிப்போய்க் கள்ளிவிளையில் விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விசாரணையில் இருக்கும் நிலத்தை ஓட்டக்கூடாது என்று சர்வேயர் சொன்னார். சொல்லிவிட்டு முருங்கை மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ராஜகனி அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

சுயம்புலிங்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பன்னிரண்டு பக்கெட் மண் அள்ளினார். சர்வேயர் எழுந்து வந்து அளந்தார். மூன்று சென்ட். அள்ளியது வெறும் மேல்மண் என்றும், நிலம் என்பது அதற்குக் கீழே இருப்பது என்றும் விளக்கினார். இன்னும் இருபது பக்கெட் அள்ளினார். மூன்று சென்ட். எட்டாத இடமெல்லாம் டூத்பிரஷ்ஷால் சுரண்டினார். மூன்று சென்ட், ஒரு மயிரிழை கூடவே வந்தது.

வேறு வழியில்லாமல் அவரே மட்கார்டுக்குள் ஏறி நடந்தார். ஏழு நிமிட நடை. உள்ளே நல்ல வெயில். ஒரு பனை நின்றது. அதன் அடியில் போன வருஷம் தேரியில் தொலைந்துபோன சாம்பார்த் தூக்கின் மூடி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ராஜகனிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இத்தனை நாள் அந்தத் தூக்கைத் தட்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். அவருக்கும் அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மணி பதினொன்றரை ஆனது மட்டும்தான் பிடிக்கவில்லை.

அப்போது ஜெபமணி டீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார். கள்ளிவிளைப் பள்ளிக்கூடத்து டீச்சர்.

“எங்க தடத்தக் காணலன்னு நேத்துலேருந்தே தேடுதோம்,” என்றார். “இங்கனயா கெடக்கு?”

விஷயம் இதுதான். காணாமல் போன மூன்று சென்ட்டில்தான் கள்ளிவிளையின் ஒத்தையடித் தடம் இருந்தது. அது இல்லாததால் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. டீச்சருக்கு முதல் மூன்று பீரியடும் போய்விட்டது. பேசிக்கொண்டே ஜீப்பின் இடதுபக்கக் கதவைத் திறந்து, சைக்கிளோடு பின்சீட்டில் ஏறி, வலதுபக்கக் கதவு வழியாக இறங்கினார். சுயம்புலிங்கம் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். அங்கே டீச்சர் இல்லை. எங்கோ பள்ளிக்கூட மணி அடித்தது.

அதன் பிறகு வரிசையாக ஆள் வந்தது. ஒருவர் பதினாலு ஆடுகளோடு ஏறினார். இரண்டு பெண்கள் சீர்வரிசைத் தட்டுகளோடு ஏறினார்கள். ஒருத்தி இறங்கும்போது ஒரு வாழைப்பழத்தைச் சீட்டில் வைத்துவிட்டுப் போனாள். எல்லோரும் மரியாதையான ஆட்கள். ஆனால் ஒவ்வொருவர் காலோடும் ஒரு பிடி மணல் வந்தது. சுயம்புலிங்கம் அப்போதுதான் ரப்பர் மேட்டை உதறி விரித்திருந்தார். காலைத் தட்டிவிட்டு ஏறினால் புண்ணியமாகப் போகும் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். ஆடுகளிடமும் சொன்னார்.

மூன்றே முக்காலுக்கு அவர் கை ஓய்ந்துவிட்டது. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பக்கக் கண்ணாடியைக் கடைத் துணியால் ஊதி ஊதித் துடைத்தார். அதில் ராஜகனி தெரிந்தாள். அவள் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டயரைத் துடைக்கப் போனார்.

நாலு மணிக்கு ஆறுமுகநயினார் பதிவேட்டைத் திறந்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். நிலத்தின் வகை என்ன என்ற இடத்தில் புஞ்சை என்று போடட்டுமா, தேரி என்று போடட்டுமா, உங்கள் இஷ்டம் என்று பெருந்தன்மையாகக் கேட்டார்.

ராஜகனி முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். காலையிலேருந்து இது வழியா ஆளும் ஆடுமா போய்க்கிட்டு இருக்காவளே. அப்படிப்பட்ட எடத்துக்கு என்ன பேரு போடுவீங்க?”

சர்வேயர் பென்சிலை எடுத்துவிட்டார். முருங்கை மரத்தைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். அந்த நேரம் பதினாலு ஆடும் மேய்ச்சல் முடிந்து வலதுபக்கக் கதவு வழியாக ஏறி, இடதுபக்கம் இறங்கிப் போயின. அவற்றை விரலை விட்டு எண்ணினார்.

“பாதை,” என்றார். “அதுலயும் வண்டியால்லா இருக்கு. வண்டிப்பாதை.”

எழுதினார். எழுதியவர் அடுத்த கட்டத்துக்கு வந்து நின்றுவிட்டார். புஞ்சைக்கும் தேரிக்கும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். பாதைக்கு நிரப்பியே ஆக வேண்டும்.

“பாதைன்னா எங்க போவுதுன்னு எழுதணும்,” என்றார். “இது எங்க போவுது?”

“தேரிக்கு,” என்றாள் ராஜகனி. “ஞாயித்துக்கெளம தவறாம போவும்.”

ஆறுமுகநயினார் அதை அப்படியே எழுதினார். ஒரு முறை வாசித்துப் பார்த்தார். நிலம் நகரக்கூடாது என்றுதான் விதி, பாதை போகக்கூடாது என்று எங்கேயும் இல்லை என்றார். பாதையென்றால் போகத்தானே செய்யும். கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. வண்டியில் மற்ற எந்த இடத்தை வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம், அந்த மூன்று சென்ட்டில் மட்டும் துடைப்பத்தை வைக்கக்கூடாது. சுயம்புலிங்கத்துக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, நேரம் மிச்சம் என்று, அவரும் பின்சீட்டு வழியாகவே போய்விட்டார்.

சனிக்கு அடுத்து ஞாயிறு வந்தது.

சுயம்புலிங்கம் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். ராஜகனி முதல் கியரில் மேட்டில் ஏற்றினாள். உச்சியில் ஜீப் வானத்தைப் பார்த்து நின்றது. அப்போது பின்சீட்டில் சைக்கிள் மணி அடித்தது. ஜெபமணி டீச்சர் சர்ச் ஆராதனைக்குப் புறப்பட்டு வந்திருந்தார். ராஜகனி ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து, இடதுபக்கம் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.