மண்டபம் சலூனில் முதல் முகம்

கூத்தையாவின் கை தலைக்குப் பழகிய கை. ராமேசுவரம் கடற்கரையில் யாத்திரிகர்களுக்கு மொட்டை அடிப்பவன். அமாவாசைக்கு வேலை குவியும். மற்ற நாட்களில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மனைவி செவ்வந்தி பரமக்குடியில் தாய் வீட்டில் இருந்தாள். தினமும் அடுப்பெரியும்படி ஒரு வேலை கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அவளுடைய அண்ணன் தங்கசாமி மண்டபம் ரயில் நிலையத்துக்கு எதிரே சலூன் வைத்திருந்தான். இரண்டு நாற்காலிகள். ஒன்று காலி.

“இன்னைக்கு ஒரு நாள் வேலை செய்யும் மாப்ளே,” என்றான் தங்கசாமி. “எவனும் குறை சொல்லலேன்னா நாற்காலி உமக்கு. சொன்னா, சாயங்கால வண்டியில ராமேசுவரத்துக்கு ஏறிரும்.”

கூத்தையா தன் கத்தியை எடுத்தான். கருத்து, கனத்து, முதுகு தடித்த நாட்டுக்கத்தி.

“அத வச்சுத் தேங்கா உரியும்,” என்றான் தங்கசாமி. வேறொன்றை நீட்டினான். கொழும்புக் கப்பலில் வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன சீமைக்கத்தி. இரு பக்கமும் குடைந்து தாள் போல மெலிந்திருந்தது.

கடை திறக்குமுன் கூத்தையா அதைத் தன் கன்னத்தில் போட்டுப் பார்த்தான். முதல் இழுப்பிலேயே ரத்தம். தங்கசாமி சிரித்தான். ரத்தம் நிற்கப் படிகாரத்தைத் தூக்கிப் போட்டான்.

கூத்தையா யோசித்தான். நாட்டுக்கத்தி தன் கனத்தால் அறுக்கும். முதுகைச் சற்றுத் தூக்கி நீளமாக இழுத்தால் போதும். தலையில் தோலுக்கு அடியில் எலும்பு இருக்கிறது, அது தாங்கும். கன்னத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. இந்தக் கத்திக்கோ கனமே இல்லை. கனத்தைக் கை கொடுக்கிறது. கை அமுக்கினால் தோலை வெட்டுகிறது.

மறு கன்னத்தில் கத்தியைத் தோலோடு படிய வைத்தான். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தான். அமுக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தினான். கத்தி கிர்ரென்று பாடியது. அமுக்கினால் பாட்டு நின்றது. காதை வைத்தே கையைத் திருத்தலாம் போலிருந்தது.

தோல் வாரில் தீட்டும்போதும் அப்படித்தான். நாட்டுக்கத்தியை அறைவது போல இதை அறைந்தால் விளிம்பு மடங்கிவிடும். தடவிக் கொடுத்தான்.

முதலில் வந்தவன் முனியசாமி. ரயில்வேயில் வேலை. வெள்ளைச் சட்டை, விபூதி, அடர்ந்த மீசை.

“பரமக்குடிக்குப் பொண்ணு பாக்கப் போறேன். பளபளன்னு இருக்கணும்.”

“இருக்கும் தம்பி,” என்றான் கூத்தையா.

சோப்பு நுரை முகமெங்கும் ஏறியது. கத்தி பாடத் தொடங்கியது. வலது கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. தாடையில் இல்லை. முனியசாமி கண்ணை மூடினான். தங்கசாமி சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். கூத்தையா காதைச் சாய்த்துக் கேட்டபடி கன்னத்திலிருந்து மேலுதட்டுக்கு வந்தான். யாத்திரிகனுக்கு முடி, தாடி, மீசை எல்லாம் போக வேண்டும். மீசையில் நிற்கும் வழக்கம் அந்தக் கைக்கு இல்லை.

பாட்டு கொஞ்சம் மாறியது. கூத்தையா நின்றான்.

பாதி மீசை கத்தியில் இருந்தது.

முனியசாமி கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தான். விரலால் மேலுதட்டைத் தடவினான்.

“மிச்சத்தையும் எடுத்துரும்,” என்றான் கடைசியில். “பாதியோட போனா கூத்தாடின்னு நெனப்பாக.”

மிச்சமும் போனது. அப்போது அவன் தகப்பன் சின்னக்கருப்பன் உள்ளே வந்தார். மகனைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே! நான் செத்துட்டனாலே?”

“இல்லய்யா...”

“அப்பன் செத்தாத்தானலே மீசைய எடுப்பாக! பொண்ணு வீட்டுல கருமாதி எப்பன்னு கேக்க மாட்டாகளா?”

“நீங்கதான் பக்கத்துல உக்காந்து பலகாரம் திம்பீகள்ல. பாத்தாத் தெரியாதா?”

தங்கசாமி சிரிப்பை அடக்க வாசலுக்குப் போனான். கூத்தையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குறை வந்தாகிவிட்டது. கத்தியைத் துடைத்து மடக்கினான்.

சின்னக்கருப்பன் திட்டிக்கொண்டே மகனின் கன்னத்தைத் தடவினார். திட்டு நின்றது. மறு கன்னத்தையும் தடவினார். பிறகு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஊரில் வாரத்துக்கு ஒரு முறை செய்துகொள்ளும் சவரம். சொரசொரத்தது.

“வண்டிக்கு நேரம் இருக்கா?”

“இருக்கு அய்யா,” என்றான் முனியசாமி.

“எந்திரிலே.” நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். “அதே கத்தியில போடுப்பா. இது போச்சுன்னா ஒன் தலை போச்சு.”

கத்தி பாடியது. கிழவரின் தோல் தளர்ந்திருந்தது. கூத்தையா இன்னும் இழுத்துப் பிடித்தான், இன்னும் படிய வைத்தான். கன்னங்கள் முடிந்தன. பொத்திய கைகள் மெல்ல மடிக்கு இறங்கின.

தங்கசாமி திரும்பி வந்து அந்தக் கைகளைப் பார்த்தான்.

“மாப்ளே, மீசையவே நம்பிக் குடுத்துட்டாரு. நாற்காலி உமக்குத்தான். சாயங்காலமாப் போயி செவ்வந்தியக் கூட்டிட்டு வாரும்.”

“சாயங்காலம் என்னத்துக்கு?” என்றார் சின்னக்கருப்பன், கண்ணைத் திறக்காமல். “எங்க கூடவே பரமக்குடிக்கு வரட்டும். இவன் மீச எப்பிடிப் போச்சுன்னு பொண்ணு வீட்டுல வந்து சொல்லட்டும். நான் சொன்னா எவன் நம்புவான்?”

கூத்தையா காதைச் சாய்த்துக் கேட்டான். இந்த முறை கத்தி மீசையின் ஓரத்தில் நின்றது.