பெருநாளன்று சொன்ன சொல்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடிவதற்குள்ளேயே, தெருவில் போகிற பிள்ளையைப் பார்த்தாலும் ஸம்றாவுக்குப் பாடம் ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது. குழந்தை வளர்ச்சியும் உளவியலும் படிக்கிறவள். எந்த வயதில் பிள்ளை பேர் சொன்னால் திரும்பும், எப்போது விரல் நீட்டிக் காட்டும் என்பதெல்லாம் நுனிநாக்கில் இருந்தது. சாய்ந்தமருதில் அவர்கள் குடும்பத்திலிருந்து கெம்பசுக்குப் போன முதல் பிள்ளை. அவளைப் பற்றிக் கதைக்கும்போது உம்மாவின் குரலே கொஞ்சம் உயரும்.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோதுதான் மூத்த சகோதரி ஹாஜறா ராத்தாவின் மகள் அம்ஹாவைக் கவனித்தாள். வயது இரண்டரை ஆகியும் பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. சீசா மூடியொன்றைத் தரையில் சுழற்றியபடி தன்பாட்டில் இருந்தாள். பார்க்கப் பார்க்க, விரிவுரையில் கேட்டதெல்லாம் ஸம்றாவுக்குப் பொருந்தி வந்தது. அப்படிப் பொருந்தியதில் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. பிற்காலத்தில் அதை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

பெருநாள் பகல், ஹாஜறாவின் வீட்டுக்கு அவளுடைய மாமியும் மதினியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். மாமி பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு, இன்னும் கதைக்கவில்லையா என்று கேட்டார். பிள்ளையின் வாப்பாவும் பிந்தித்தானே கதைத்தார் என்று ஹாஜறா சமாளித்தாள். ஸம்றா அத்தோடு விட்டிருக்கலாம். பிறகு ராத்தாவைத் தனியே குசினிக்குக் கூப்பிட்டுக் கதைத்திருக்கலாம்.

"இது பிந்திக் கதைக்கிறது இல்ல ராத்தா, ஓட்டிசம். நாங்க படிச்சிரிக்கம்," என்றாள்.

மாமிக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. மூளையில் ஏதோ கோளாறு என்று மதினி தனக்குத் தெரிந்த மட்டில் விளங்கப்படுத்தினாள். மாமி பிள்ளையை மடியிலிருந்து இறக்கிப் பாயில் விட்டார். ஹாஜறா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனபின்பு ஹாஜறா சத்தம் போடவில்லை. "நீ படிக்கிறத்துக்கு என்ட புள்ளதான் கிடைச்சிச்சா? இனி இந்த வாசலுக்கு வராத," என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல் மகளின் கலியாணம் வரைக்கும் துரத்தி வரும் என்று ஹாஜறா பயந்தாள். பிள்ளைகளைப் பார்க்க வீடு வீடாக வரும் மிட்வைப் வந்தால், பிள்ளை தூங்குகிறாள் என்றாள். நர்சரியிலும் சேர்க்கவில்லை. ஸம்றா போன் எடுத்துப் பார்த்தாள், ராத்தா பதில் சொல்லவில்லை. ஸம்றாவுக்கும் ரோசம் வந்தது. சரியைத்தானே சொன்னேன், ஒருநாள் ராத்தாவுக்கு விளங்கும் என்று இருந்துவிட்டாள்.

அம்ஹாவுக்கு ஐந்து வயதானபோது காதில் சீழ் வடிந்து காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காதுகளைச் சோதித்தார்கள். பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை, வேறொரு குறையுமில்லை. இன்னும் வெள்ளென, சின்னதிலேயே கொண்டு வந்திருந்தால் என்று தொடங்கிய டொக்டர், ஹாஜறாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். பிள்ளைக்குக் காதுக் கருவி பூட்டிய பிறகுதான் உம்மா இதைப் போனில் அழுதழுது சொன்னார்.

கதைக்காத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும் என்பது ஸம்றா முதல் வருடத்தில் படித்தது. பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் எடுத்தவள். பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒரு சட்டியில் தட்டிப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். அதுகூட அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு வந்தாள். கதவைத் திறந்த ஹாஜறா அவளைத் தடுக்கவில்லை. உள்ளே அம்ஹா புதுக் கருவிகளைக் காதிலிருந்து பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழையாச் சொல்லிட்டன் ராத்தா."

"பிழையாச் சொன்னது பெரிசில்ல. புள்ளைக்கு என்னமோ இரிக்கி எண்டு எனக்கும் தெரியும். எல்லாருக்கும் முன்னால சொன்னாய். ஒன்னோட உள்ள கோவத்தில நானும் புள்ளைய மறைச்சி வெச்சிட்டன்."

பேச்சுப் பயிற்சிக்குத் தானே கூட்டிப் போவதாக ஸம்றா சொன்னாள். ஹாஜறா சம்மதிக்கவில்லை, வேண்டுமென்றால் கூட வா என்றாள்.

அம்ஹா இப்போது உம்மா, தண்ணி, வா என்று சில சொற்கள் சொல்கிறாள். உம்மாவின் தங்கையைக் கூப்பிடும் சாச்சி என்ற சொல் இன்னும் அவள் வாயில் வரவில்லை. அதைச் சொல்லிக் கொடுங்கள் என்று ராத்தாவிடம் கேட்க ஸம்றாவுக்கு மனம் வரவில்லை.