கை குட்டையான சட்டை

கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் மேஸ்திரியின் தையல் கடைக்குள் ஹெக்டர் துரை நுழைந்தபோது காலை ஒன்பது மணி. கடற்படையின் உடுப்புக் களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது. நாளை மாலைக்குள் இருநூற்றுப் பத்துச் சட்டை வேண்டும் என்றார். முழுக்கை, மூன்றே அளவு.

“ஆருக்கு தொர இவ்வளவு அவசரம்?”

ஹெக்டர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மொம்பாசாவில இருந்து வந்த பெரிய கப்பல். நீர்மூழ்கி அடிச்சு ரெண்டு நிமிஷத்தில போயிட்டுது. தப்பின ஆக்கள் உடுப்பில்லாம ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க. வெளிய கதைச்சா ரெண்டு பேரையும் மறியல்ல போட்டுப் பூட்டிடுவாங்க.”

எந்தக் கப்பல் என்று ஸாலிஹுக்கு உடனே தெரிந்தது. முன்பு பணக்காரப் பிரயாணிகள் நடனமாடிக்கொண்டு போன கப்பல் அது. யுத்தம் வந்ததும் சாம்பல் நிறம் பூசி, பீரங்கி மாட்டி, பட்டாளம் ஏற்ற விட்டுவிட்டார்கள். ஸாலிஹின் தம்பி நிலாம் அதில் பட்லர். ஒரு தடவைக்கு ஆயிரத்து நானூறு பேர் ஏறுவார்கள் என்று நிலாம் அளப்பான். இப்போது கேட்டிருப்பதோ இருநூற்றுப் பத்துச் சட்டை.

“பேர் லிஸ்ட் ஏதும் ஈக்கா தொர?”

“அது நேவிக்காரன்ட பூட்டுக்குள்ள. நேத்து கேக்கப் போன ஒருத்தனை உளவாளியெண்டு உள்ள போட்டாச்சு. நீ தையலைப் பார்.”

திரைக்குப் பின்னால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த றலியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நிலாமின் மனைவி அவள். ஹெக்டர் போன பிறகும் அவள் அழவில்லை. அழுதால் பக்கத்துக் கடைக்குக் கேட்கும்.

பத்து வயதில் ஜம்பு மரத்திலிருந்து விழுந்து நிலாமின் இடது கை முறிந்தது. எலும்பு கோணலாகப் பொருந்தியதில் அந்தக் கை இரண்டு அங்குலம் குட்டை. அன்று முதல் அவன் சட்டையெல்லாம் அவன் நானா, அண்ணன் ஸாலிஹ், தைத்ததுதான். வேறொருவர் போட்டால் மணிக்கட்டு வெளியே நிற்கும்.

ஹெக்டர் வந்துபோன அன்று பின்னேரம் ஒரு சட்டையின் இடது கையை மட்டும் ஸாலிஹ் குட்டையாகத் தைத்தார். றலியா அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“உங்கட தம்பி இதக் கண்டாரெண்டா விடமாட்டாரு நானா. நீங்க தச்சதெண்டு தெரிஞ்சிடும். ஆர்ட்டயாவது சொல்லி அனுப்புவாரு.”

“சட்டை திரும்பி வராம ஈந்தா சரி,” என்றார் ஸாலிஹ்.

அக்கம்பக்கத்துத் தையல்காரரையும் காரணம் சொல்லாமல் சேர்த்து இரவிரவாகத் தைத்த சட்டைகள் மறுநாள் மாலை போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே இருவருக்கும் பக்கென்றது. யார் கையிலும் பொட்டலம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டாம் நாள் மாலை றலியாவுக்குக் கொஞ்சம் சோறுகூட இறங்கியது.

மூன்றாம் நாள் ஹெக்டர் பொட்டலத்தோடு வந்தார்.

“என்ன மேஸ்திரி, கண் தெரியாம தச்சியா? ஒரு கை குட்டை.”

“எல்லாருக்கும் காட்டினீங்களா தொர?”

“கட்டில் கட்டிலாக் காட்டியாச்சு. ஒருத்தனும் எடுக்கயில்ல. இதால ஒரு மனுசன் இன்னும் போர்வையோட கிடக்கிறான். சரிபண்ணு, நிக்கிறன்.”

ஸாலிஹ் சட்டையை வாங்கினார். அதை மடியில் விரித்தவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை. தம்பியை நினைத்தாரா, திரைக்குப் பின்னால் நிற்பவளை நினைத்தாரா, அவருக்கே தெரியாது. றலியா வெளியே வந்து அவர் மடியிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவரும் பின்னால் போனார். அவள் சட்டையின் இடது கை நுனித் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மடிப்பு விரிந்தது. உள்ளேயிருந்து இரண்டு அங்குலத் துணி முழுசாக வெளியே வந்தது.

றலியா நிமிர்ந்து பார்த்தாள்.

“வெட்டாமத்தான் மடிச்சி வெச்சீக்கிறீங்க நானா. திரும்பி வருமெண்டு தெரிஞ்சிதானா?”

நிலாமுக்குத் தைத்த சட்டைகளில் ஒன்றிலாவது ஸாலிஹ் இப்படி மிச்சம் விட்டதில்லை.

அவள் ஊசியில் நூல் கோத்து, வேறொருவனின் கைக்கு அளவாக விளிம்பைத் தைக்கத் தொடங்கினாள்.