கம்பெனிக் கார்

ஹரிபிரசாத் மகளிர் தின பேனரின் மாதிரியை மேஜைமேல் விரித்துவைத்துத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தூரில் இருக்கும் பணியிட மகளிர் சமத்துவ மையம் என்ற அரசு அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை அதிகாரி. பேனரில் மந்திரி இருந்தார், அவருக்குக் கீழே இவர் இருந்தார். பெண் என்று ஒருத்தியும் இல்லை.

"என் போட்டோ சின்னதா இருக்கே ஷோபா?" என்று குறைப்பட்டார்.

கள அலுவலரான ஷோபா என்ன சொல்வாள்? தலையை ஆட்டிவைத்தாள்.

திருப்பதி-சென்னை சாலையில் கம்பெனிகள் வரிசையாக முளைத்த காலம் அது. விவசாயம் பொய்த்த வீடுகளிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். புகார்கள் பெருகின. மையத்துக்கு வரும் பணமோ அந்த ஆண்டு பாதியாகக் குறைந்தது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த மகானுபாவர் ஹரிபிரசாத். விசாரணைக்குப் போய்வர இருந்த ஆபீஸ் ஜீப்பை விட்டார். அழுதுகொண்டு வரும் பெண்களிடம் உட்கார்ந்து பேச இருந்த ஆலோசகர் அம்மாளை வீட்டுக்கு அனுப்பினார். தன் அறையின் ஏ.சி.யையும் மகளிர் தின விழாவையும் விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களுக்குப் போர்த்தும் பொன்னாடையையும் பத்திரமாக வைத்துக்கொண்டார். என்ன புத்தி பாருங்கள்!

அன்று மதியம் ஒரு பெண் படியேறி வந்தாள். புத்தூர் பக்கத்து வள்ளி. திருச்சானூரைத் தாண்டி இருக்கும் ஒரு ஆடைக் கம்பெனியில் தையல் வேலை.

"ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகினு இருக்கேன் மேடம். எங்க லைன் சூப்பர்வைசர் பாலையா இருக்கானே, பொண்ணுங்கள ஸ்டோர் ரூமுக்குக் கூப்ட்டு கதவ சாத்திடுவான். மாட்டேன்னா, அன்னிக்கு டார்கெட்டு முடிக்கலன்னு எழுதி வேலய வுட்டு தூக்கிடுவான். நான் பல்ல கடிச்சிகினு இருந்துட்டேன். இப்போ என் தங்கச்சி பிரியங்கா அதே லைன்ல சேந்திருக்கா. நேத்து அவள கூப்ட்டான் மேடம். வயித்து வலின்னு சொல்லி தப்பிச்சிகினு வந்துட்டா. இன்னும் எத்தினி நாளிக்கு வயித்து வலின்னு சொல்லுவா?"

ஷோபா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் நேர்ல வந்து விசாரிக்கறேன். பயப்படாதே."

"கம்பெனிக்குள்ள கேட்டா ஒருத்தியும் வாய தொறக்க மாட்டா மேடம். சாயங்காலம் வடமாலபேட்டையில பஸ்ஸு எங்கள எறக்கி வுடும். அங்க வந்து கேளுங்கோ. எல்லாரும் சொல்லுவோம்."

"கண்டிப்பா வர்றேன்."

வள்ளி நம்பிப் போனாள். ஷோபா ஹரிபிரசாத்திடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் பேனரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"பஸ் ஸ்டாப்புல நின்னு விசாரிக்கறதா? ஆபீசுக்கு என்னம்மா மரியாத? வழக்கம்போல மேனேஜருக்கு போன் பண்றேன், கார் அனுப்புவாங்க. சாப்பாடும் அங்கயே ஆயிடும்."

"சார், புகாரே அவங்க ஆளு மேலதான்..."

"ஏம் பர்வாலேது, ஒண்ணும் ஆகாது. இன்ஸ்பெக்ஷன்னுதான் சொல்வேன். புகாருன்னு சொல்லுவேனா? நமக்கும் செலவு மிச்சம்!"

ஜீப் போனதிலிருந்து இதுதான் அந்த ஆபீசின் நடைமுறை. யாரைச் சோதிக்க வேண்டுமோ அவர்களே கார் அனுப்புவார்கள், அவர்களே பிரியாணி போடுவார்கள், அவர்களே கொண்டுவந்து இறக்கியும் விடுவார்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு ஹரிபிரசாத்துக்குத் தோல் தடித்துவிட்டது. ஷோபாவாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"நமஸ்தே மேடம். லைன் சூப்பர்வைசர் பாலையா. உங்கள கூட்டிகினு வர மேனேஜர் அனுப்பினார்."

ஷோபாவின் கால் தரையிலேயே நின்றது. ஒரு நிமிஷம்தான். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? ஏறி உட்கார்ந்தாள்! திரும்பிப் போனால் ஹரிபிரசாத் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்று ஏறினாள். வழியில் பாலையா இளநீர் வாங்கிக் கொடுத்தான். அதையும் குடித்தாள்.

கம்பெனி வாசலில் இறங்கியபோது அவளுடைய கைப்பையைப் பாலையாதான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தையல் மெஷின்களுக்குப் பின்னாலிருந்து அத்தனை பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

"ஏதாச்சும் கஷ்டம் இருக்காம்மா?" என்று ஷோபா ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் பாலையா நின்றான்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

பிரியங்கா குனிந்த தலை நிமிரவில்லை. வள்ளியின் முறை வந்தது. அவள் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள்.

மேனேஜர் சாப்பிடக் கூப்பிட்டார். ஷோபா கை கழுவக் குழாயடிக்குப் போனாள். பின்னாலேயே வள்ளி வந்தாள். அழுவாள், கெஞ்சுவாள் என்று ஷோபா நினைத்தாள். வள்ளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்குத் துட்டு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க பொண்ணுங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உங்களுக்கு டிக்கெட்டு எடுத்திருப்போமே மேடம். அவன் கூடவா வருவீங்கோ?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட ஷோபாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஈரக் கையோடு கேட்டை நோக்கி நடந்தாள். பாலையா ஓடி வந்தான்.

"சாப்பாடு ரெடி மேடம். கார் கூட..."

"உன் காரும் வேணாம், உன் சாப்பாடும் வேணாம். தள்ளு!"

ஷேர் ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வடமாலபேட்டை போய்ச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் வரும்வரை வெயிலில் நின்றாள். சாயங்காலம் பெண்கள் இறங்கினார்கள். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

"வள்ளி, நான் செஞ்சது தப்புதான்," என்று ஷோபா நடுரோட்டில் நின்று சொன்னாள். "இப்போ அவன் இல்ல. காரும் இல்ல. நீங்க சொல்ற வரைக்கும் நான் இங்கிருந்து நகரப் போறதில்ல."

வள்ளி நடந்துகொண்டே இருந்தாள். பிரியங்காதான் முதலில் திரும்பி வந்தாள். பிறகு இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் வள்ளி, கடைசியில் எல்லாரும். அவள் ஊர் திரும்ப வேண்டிய திருப்பதி பஸ்கள் வந்து வந்து போயின. ஷோபா எதிலும் ஏறாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அறிக்கையை ஹரிபிரசாத்துக்குக் கொடுத்த கையோடு கலெக்டருக்கும் அனுப்பிவிட்டாள். இல்லையென்றால் அது பேனருக்கு அடியில் புதைந்திருக்கும். முறையான விசாரணை நடந்தது. பாலையா வேலையும் போய், போலீஸ் வழக்கிலும் மாட்டினான். வள்ளியும் பிரியங்காவும் அதே லைனில் நிம்மதியாகத் தைத்தார்கள்.

ஹரிபிரசாத் திருந்தினாரா? தூ! 'எனது தலைமையில் கிடைத்த வெற்றி' என்று பேனரில் ஒரு வரி சேர்த்துப் போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டார். அடுத்த வாரமே ஷோபாவைக் கூப்பிட்டார்.

"சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனிம்மா. அவங்க கார் கீழ வந்து நிக்குது. கிளம்பு."

"நான் பஸ்ல போறேன் சார்."

"பட்ஜெட்டு இல்லாத ஆபீசு இப்படித்தாம்மா ஓடணும். நான் என்ன பண்றது?"

ஷோபா பையைத் தோளில் மாட்டினாள்.

"கவர்மெண்டு கொறச்சது பணத்த மட்டும்தான் சார். மானத்த நாமதான் கொறச்சிகிட்டோம். யார் மேல புகார் வருதோ அவன்கிட்டயே கை நீட்டினா, அப்புறம் எந்தப் பொண்ணும் நம்மள நம்பி வாய தொறக்க மாட்டா. அவங்க நம்பிக்கை போயிட்டா, எத்தன கோடி வந்தாலும் இந்த ஆபீசு தண்டம் சார்!"

கீழே கார் டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஷோபா அவனைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.