துட்டிக் கேமரா

கல்யாணத்துக்கு ஒரு கேமரா, துட்டிக்கு ஒரு கேமரா என்று இரண்டு வைத்திருக்காத போட்டோக்காரனுக்கு ராஜபாளையம் பக்கத்தில் பிழைப்பு ஓடாது. எழவு வீட்டில் பிணத்தைப் பார்த்த கேமராவை மறுநாள் மணவறைக்கு முன்னால் நீட்டிப் பாருங்கள், பெண்ணின் தாய்மாமன் கேமராவோடு ஆளையும் சேர்த்துத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவான். சோழபுரம் கருத்தப்பாண்டி இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். அவருடைய கல்யாணக் கேமரா காலத்துக்குத் தக்கபடி நாலைந்து முறை மாறிவிட்டது. துட்டிக் கேமரா மட்டும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதே பழைய பிலிம் கேமராதான். தோல் உரிந்து, வெளிச்சம் காட்டும் முள் செத்து, பின்கதவு ஒழுங்காக மூடாமல் கருப்பு டேப் சுற்றிக் கிடந்தது.

அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. மாட்டுக்கொட்டகையில் ஓர் ஆணி, அதில் தொங்கும். துட்டி வீட்டுக்குப் போய் வந்தால், குளித்துவிட்டுக் கேமரா மேலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கேட்டால், "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுப்பா, ஊருக்காகச் செய்யுதேன்" என்பார். நம்பிக்கை இல்லாத மனிதர் மஞ்சள் தண்ணீரை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

செத்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, வாய்க்கட்டுக் கட்டி, மாலை போட்டு வைத்திருப்பார்கள். தலை எப்படியும் ஒரு பக்கம் சாயும். கருத்தப்பாண்டி போய் நிமிர்த்திவிட்டு வருவார். அவர் கேமராவுக்குள் கண்ணை வைப்பதற்குள் மறுபடியும் சாயும். எத்தனை வீடுகள், எத்தனை தலைகள்! பிறகு ஆளுக்கு ஒரு போன் வந்தது, பிணத்தை எடுக்கவும் போனே போதும் என்றாகிவிட்டது. துட்டிக் கேமரா கொட்டகையிலேயே கிடந்து தூசி தின்றது.

கடைசியாக அதற்கு வேலை வந்தது சுந்தரபாண்டியத்தில். வெள்ளைத்தாய் என்பவளின் புருசன் சிவபாண்டி இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை அவர் படத்துக்கு நின்றதில்லை. கேமராவைக் கண்டால் கொல்லைப்புறமாக ஓடுகிற ஆள். வாக்காளர் அட்டையில் இருந்த படம்கூடத் தும்மும்போது பிடித்ததுபோல இருந்தது. போனை நீட்டிக்கொண்டு வந்த இளவட்டங்களை வெள்ளைத்தாய் விரட்டிவிட்டாள். "ஸ்டேட்டஸ்ல போடவாலே எம்புருசன் செத்தாரு?" என்று கத்தியவள், ஆளை அனுப்பிக் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டாள்.

"செவத்துல மாட்டுறாப்ல ஒரே ஒரு படம் எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. அவிய மொகம் எனக்கு வேணும்."

எடுத்தார். ரோலில் பழைய துட்டிப் படங்கள் போக இன்னும் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது; அந்த வீட்டுக்காரர்கள் போன் படமே போதும் என்று விட்டுவிட்டார்கள். ரோல் முடியாமல் எடுத்துக் கழுவுவது அவர் வழக்கத்தில் இல்லை. சிவபாண்டியின் கருமாதியும் முடிந்தது. வெள்ளைத்தாய் போன் போட்டாள்.

"ஆணிகூட அடிச்சு வச்சுட்டேன் அண்ணாச்சி. எப்ப தருவீக?"

"ஒரு படம் பாக்கி இருக்கு தங்கச்சி. அது முடிஞ்ச பொறவு கழுவித் தாரேன்."

"அப்ப அதுக்கு இன்னொரு ஆளு சாகணுமா?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, விவரம் தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் கருத்தப்பாண்டி போனை வைத்ததும் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் அவர் மகள் சிவரஞ்சனி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாசம். மாப்பிள்ளை பாண்டிதுரை பட்டாளத்தில், பனிமலையில் எங்கேயோ இருந்தான். வீட்டுக்குள் பிள்ளைத்தாய்ச்சி. கொட்டகையில் ஒரு கேமரா, ஓர் ஆளுக்காகக் காத்துக்கொண்டு.

"அந்தச் சனியனத் தலையச் சுத்தி எறிங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்லுதேன்" என்று அவர் மனைவி மாரிக்கனி வழக்கம்போல ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவர் எதிர்த்துப் பேசவில்லை. நாளைக் காலையில் மலையைப் பார்த்து ஒரு படம் எடுத்து ரோலை முடித்துவிட வேண்டும், கழுவி வெள்ளைத்தாயிடம் கொடுத்துவிட வேண்டும், கேமராவைக் கண்மாயில் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் இத்தனை வருசம் சோறு போட்டதை அழுக்கோடு அனுப்ப மனசு வரவில்லை. கொட்டகையிலிருந்து எடுத்துவந்து, துணியால் துடைத்து, மனைவி கண்ணில் படாமல் உள்ளே ஜன்னல் மேல் வைத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். துட்டிக் கேமராவை வீட்டுக்குள் வைத்து, ஆயுசுக்கும் செய்யாத தப்பை அன்றைக்கு ஒரு நாள் செய்தார், பாருங்கள்.

மறுநாள் விடியும்போது சிவரஞ்சனிக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு எட்வினின் ஆட்டோவில் மாரிக்கனி அவளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிளாஸ்க்கும் பழைய வேட்டித் துணிகளும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் பின்னால் வருவதாக இவர் சொன்னார். ஜன்னலைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தார். கேமராவின் மூடி கழன்று கிடந்தது.

லிவரைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. ரோல் முடிந்திருந்தது. யாரோ அந்தக் கடைசிப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் இருந்ததே மூன்று பேர். மனைவிக்குப் போன் போட்டார்.

"நான் அதத் தொடுவேனாக்கும்?" என்று சீறினாள் மாரிக்கனி. பிறகு குரல் இறங்கியது. "நேத்து மத்தியானம் இவதான் அதக் கையில வச்சுக்கிட்டு பீரோக் கண்ணாடி முன்னாடி நின்னா. வையிடின்னு சத்தம் போட்டேன். சிரிச்சுக்கிட்டே வச்சுட்டா. ஏங்க, என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல" என்று போனை வைத்தார். கண்ணாடி முன்னால் நின்று வேறு யாரை எடுப்பாள்? போன் கையில் கிடைத்தாலே தன் மூஞ்சியைத்தானே எடுப்பாள்! அந்த ரோலில் இருந்த அத்தனை பேரும் செத்தவர்கள். அவர்கள் வரிசையில் கடைசியாக, வயிறும் பிள்ளையுமாக, அவர் மகள் நிற்கிறாள். நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் அன்றைக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது.

குழந்தைத் துணி இருந்த பைக்குள் கேமராவை வைக்கக் கை வரவில்லை. மொபெட்டின் முன்கொக்கியில் தனியாகத் தொங்கவிட்டுக் கிளம்பினார். அது வழியெல்லாம் அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வோர் இடிக்கும் திடுக்கென்றது. எதிரே வந்த மில் பஸ்காரன் திட்டிவிட்டுப் போனதுகூட அவர் காதில் விழவில்லை. ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. அந்தப் படத்தை அழிக்க வேண்டும். அவள் படம் அதற்குள் இருக்கக் கூடாது.

அழிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பின்கதவைத் திறந்தால் வெயில் தின்றுவிடும். ஆனால் மகளின் படத்துக்கு அடுத்த சுற்றிலேயே சிவபாண்டியின் முகம் இருந்தது. வெயிலுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தின்னும். வழி இல்லாமலும் இல்லை. ராஜபாளையத்தில் அவருடைய ஸ்டூடியோவில் இருட்டறை இருந்தது. இருட்டில் கதவைத் திறந்து, விரலால் தடவி, கடைசிப் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிடலாம். போகிற வழிதான். செத்த நேர வேலை.

ஸ்டூடியோ முன்னால் வண்டியை நிறுத்தி, ஷட்டரைப் பாதி தூக்கியிருப்பார். போன் அடித்தது.

"ஏங்க, எங்க இருக்கீய?" மாரிக்கனி அழுதுகொண்டிருந்தாள். "பிள்ளைக்குத் துடிப்புக் கொறையுதாம். ஒடனே ஆபரேசன் பண்ணணுங்காக. இவளுக்கும் பிரஷர் ஏறிருச்சாம். எனக்குப் பயமா இருக்கு, வாங்க!"

பாதி தூக்கிய ஷட்டருக்கு அந்தப் பக்கம் இருட்டறை, இந்தப் பக்கம் வெயில். உள்ளே போய்ப் பூட்டைத் திறந்து, திரையை இழுத்து, கத்தரியைத் தேடி... அதற்குள் அங்கே என்ன ஆகுமோ! கருத்தப்பாண்டிக்கு அதற்குமேல் எதுவும் யோசிக்க வரவில்லை. நட்டநடுத் தெருவில், டீக்கடையில் நின்ற ஆட்கள் எல்லோரும் பார்க்க, டேப்பை நகத்தால் பிய்த்தார். பின்கதவை வெடுக்கென்று திறந்தார். பிலிமைப் பிடித்து இழுத்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, முழுவதும். வெயிலில் உயர்த்திப் பிடித்தார். "எம்பிள்ளைய விட்டுரு, எம்பிள்ளைய விட்டுரு" என்று வாய்விட்டுச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஆபரேசன் அறைக் கதவு மூடியிருந்தது. மாரிக்கனி பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் சுவரோடு ஒட்டி நின்றார். உள்ளே தட்டு விழும் சத்தம் கேட்டாலும் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். அந்தப் பெண்ணின் காலில் விழாத குறை.

சாயங்காலம் சிவரஞ்சனி கண் விழித்துத் தெளிவாகப் பேசினாள். அப்பாவைப் பார்த்துத் திருட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

"ப்பா, வையக் கூடாது. நேத்து உங்க பழைய கேமராவுல ஒண்ணு எடுத்துட்டேன்."

"தெரியும் கழுத. உன்னைய யாரு அதத் தொடச் சொன்னா?"

"என்னைய எடுக்கலாம்னு கண்ணாடிகிட்ட போனேன், லிவர் நகரவே இல்ல. அதுக்கு முன்னாடியே உங்கள எடுத்துட்டேன்ல, அதோட ரோல் முடிஞ்சுபோச்சு போல. சேர்ல நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தீங்க. தலை ஒரு பக்கமாச் சாஞ்சு, வாயத் தொறந்துக்கிட்டு... எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? கழுவிக் குடுங்கப்பா, எம்மவளுக்குக் காட்டணும்."

"என்னையவா?" என்றார் கருத்தப்பாண்டி. "என்னையவா எடுத்தே?"

வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நர்ஸ் வந்து அதட்டினாள். அப்பாடா, மகள் அதற்குள் நிற்கவே இல்லை! கண்ணைத் துடைத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தார். அங்கேதான் சிரிப்பு நின்றது. நாற்காலி. சாய்ந்த தலை. திறந்த வாய்க்கு ஒரு கட்டுத்தான் பாக்கி. அதற்குப் பின்னாலேயே வெள்ளைத்தாய் அடித்துவைத்த ஆணி ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே இருந்தது தன் படம்தான் என்று தெரிந்திருந்தால் திறந்திருப்பாரா? மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சுந்தரபாண்டியத்துக்குப் போனார். மொபெட் சத்தம் கேட்டதுமே வெள்ளைத்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. மகளுக்குப் பிரசவம் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காகளா?"

அவள் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் தேவலை. அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மறைத்து என்ன ஆகப்போகிறது? பயந்துவிட்டேன், திறந்துவிட்டேன், படம் போய்விட்டது என்றார். வெள்ளைத்தாய் ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வீட்டுக்குள் திரும்பி, சுவரில் அடித்துவைத்த ஆணியைப் பார்த்தாள்.

"நெசமாவே மொகம் போச்சா?"

"போச்சு தங்கச்சி."

"எனக்கு அன்னைக்கி அழுத கண்ணு, ஒண்ணும் சரியாத் தெரியல. நீங்கதான் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு அவியள அம்புட்டு நேரம் பாத்தீக. எப்படி இருந்தாக? அதையாவது சொல்லுங்க."

கருத்தப்பாண்டி கண்ணை மூடி யோசித்தார். மாலை ஞாபகம் வந்தது. ஜன்னல் வெளிச்சம் ஞாபகம் வந்தது. நாற்காலி வந்தது. நாற்காலியில் சாய்ந்த தலையை மனசுக்குள் நிமிர்த்திப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு அவரே உட்கார்ந்திருந்தார். பதறிக் கண்ணைத் திறந்தார்.

"தூங்குறாப்ல இருந்தாரு" என்றார்.

வெள்ளைத்தாய் தலையாட்டினாள். பிறகு மொபெட்டில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டிய என்ன செய்யப்போறீக?"

"கண்மாயில போட்டுரலாம்னு..."

"இங்க குடுங்க. அவியளக் கடைசியாப் பாத்தது அதுதான."

"வேண்டாம் தங்கச்சி, துட்டிக் கேமரா. வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது."

"இந்த வீட்டுல துட்டி விழ இனிமே யாரு இருக்கா, என்னையத் தவிர?" என்றாள் அவள். "குடுங்க."

அவரே கழற்றிக் கொடுத்தார். அத்தனை வருசம் கழுத்தில் கிடந்த வார் போன பிறகும் கை அப்படியே நீண்டிருந்தது. வெள்ளைத்தாய் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். சிவபாண்டியின் படத்துக்கென்று அடித்த ஆணியில் மாட்டினாள். பின்கதவு பொருந்தாமல் தொங்கியதைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டாள். சந்தனம் குழைத்து, லென்ஸ் கண்ணாடிக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள்.

"கும்பிட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்று விலகி வழிவிட்டாள்.

கருத்தப்பாண்டி முன்னால் போய் நின்றார். ஆயுசு முழுக்க அதன் பின்னால் நின்றே பழகியவர். முன்னால் வந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை தூங்கிக்கொண்டிருந்தார், இப்போது விழித்திருந்தார். கேமரா அவரையே பார்த்தது. கையைக் கூப்பினார். கூப்பிய கைக்கு மேலே தன் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்து, சட்டென்று நிமிர்த்திக்கொண்டார்.