எழுத்துல குடுங்க

அண்ணனின் செல்போனுக்கு சார்ஜ் போடுவது பாப்பாவின் வேலையாகிவிட்டது. தான் வேலை பார்க்கிற இரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் போகிற வழியில் அண்ணி வீட்டில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே கூடத்து அலமாரிக்குப் போவாள். போனை எடுத்துப் பார்ப்பாள். வயரைச் சொருகுவாள். மூலையில் விரிசல் விட்ட அந்தப் போனில் காதருகே வைத்துக் கேட்கிற பகுதி எப்போதோ பழுதாகிவிட்டதால், எதிர்முனை பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். மாற்றித் தொலையேன் என்று அண்ணி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். அண்ணன் கேட்கவில்லை. ராணுவ ஆவணக் காப்பகத்தில் இந்தப் போனையும் இந்த எண்ணையும்தான் நம்பியிருக்கிறார்கள் என்பது போலப் பேசுவான். இப்போது அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். எண் மட்டும் உயிரோடு இருக்கிறது.

பாப்பாவுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. தலையில் பாதி நரைத்துவிட்டது. இருந்தாலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணனுக்குப் பட்டாளம் என்று பெயர். அவன் பட்டாளத்தின் வாசலைக்கூட மிதித்தவன் இல்லை, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஆனால் தாத்தா பட்டாளத்துக்குப் போனவர். மூத்த பேரன் என்பதால் அண்ணனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். பேரன் என்றாலே பெயரைச் சுமக்கிறவன்தானே. மாமனார் பெயரை வாயால் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். அதனால் பிள்ளையைப் பட்டாளம் என்றே கூப்பிட்டாள், அதுவே நிலைத்தும் போயிற்று. இதே கணக்கில் அப்பாவுக்கும் அவருடைய தாத்தாவின் பெயர். ஆக, தாத்தாவின் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் எழுதி, பக்கத்தில் அண்ணன் பெயரையும் அவன் தகப்பன் பெயரையும் எழுதினால் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். ஓர் எழுத்துகூட மாறாது.

சின்ன வயதில் இது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. பெரியவர்களான பிறகு இதுவே கழுத்தில் கட்டிய கல்லாகிவிட்டது. வீடு நிற்கிற மனை தாத்தா பெயரில் இருந்தது. அவர் அதை வாங்கிப் போட்டுவிட்டுப் போருக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. செத்துவிட்டார் என்று எந்தக் கடிதமும் வரவில்லை. அப்பா அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன் கையில் எடுத்தான். தாத்தா இறந்ததற்கு ஒரு சான்று வேண்டும், அதற்கு ராணுவத்திலிருந்து ஒரு வரி வேண்டும். முதலில் அவன் அலைந்தது மனைக்காகத்தான். போகப் போக மனை பின்னால் போய்விட்டது, தாத்தா முன்னால் வந்துவிட்டார்.

காப்பகத்திலிருந்து துண்டு துண்டாகத் தாள்கள் வந்தன. குடும்பமே பெரிய வீரர் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டியவர் என்று முதல் தாள் சொன்னது. அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். காவல் நேரத்தில் கழுதையின் மேல் சாய்ந்தபடி தூங்கியதற்காகத் தண்டனை வாங்கியிருக்கிறார் என்று இன்னொரு தாள். சேர்ந்தபோது எடுத்த உயரம் ஒரு தாளில் இருந்தது. அண்ணன் அளவு நாடாவைக் கொண்டுவந்து, அடுக்களை வாசல்நிலையில் அந்த உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டான். பிறகு தானே முதுகை ஒட்டி நின்று பாப்பாவிடம் இன்னொரு கோடு போடச் சொன்னான். ஒரு விரல் அகலம் இவன் உசத்தி. அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. கடைசித் தாளில் மட்டும் சிரிக்க ஒன்றும் இல்லை. பெயர், தகப்பன் பெயர், படைப்பிரிவு, அப்புறம் காணவில்லை என்ற ஒரு சொல்.

அந்த ஒரு சொல்லோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த அலுவலகத்தில் யார் என்ன பதில் சொன்னாலும், பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க, அதை எழுத்துல குடுங்க" என்பான். இல்லை என்று வாயால் சொல்வது எல்லோருக்கும் சுலபம். எழுத்தில் கொடுக்கச் சொன்னால்தான் ஆள் எழுந்து போய் அலமாரியைத் திறப்பான் என்பது அவன் கண்டுபிடிப்பு. அவன் வருவதைப் பார்த்தாலே எழுத்துல குடுங்க வந்துட்டாரு என்று ஊழியர்கள் முணுமுணுப்பார்களாம். அதையும் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வான்.

ஒருமுறை பத்திர எழுத்தர் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது தேதியை எல்லாம் விட்டுவிட்டார்கள், பெயரும் தகப்பன் பெயரும் மட்டும்தான் இருக்கிறது, இரண்டும் உங்களுடையதுதானே, பேசாமல் உங்கள் இடம் என்று அடையாள அட்டையைக் காட்டுங்கள், ஒரு பயலும் கேட்க மாட்டான் என்றார். நான் அவர் இல்லையே என்று சொல்லிவிட்டு அண்ணன் வந்துவிட்டான். அண்ணிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் அடுக்களைக்குள் பாத்திரங்களை உருட்டினாள். அப்போதுதான் அவன் தங்கையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நான் அவரா ஆயிட்டேன்னு வையி, அப்புறம் அவரைத் தேட ஆளே இருக்காது பாப்பா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது. பாப்பா அழவில்லை. அழக் கூடாது என்றில்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் தன்னுடையதா என்றே தெரியாமல் கிடக்குமே, அப்படிக் கிடந்தது உடம்பு முழுக்க. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். வேலைக்குப் போனாள், ஊசி குத்தி இரத்தம் எடுத்தாள், குழாய்களில் பெயர் ஒட்டினாள். சாப்பாடு உள்ளே போயிற்று, ருசி என்று ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. அண்ணி மட்டும் ஒருநாள் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, அழுதுடேன் என்றாள். சரி அண்ணி என்று சொல்லிவிட்டு பாப்பா துணி மடிக்கப் போனாள்.

அண்ணன் போன பிறகுதான் மனைகளைப் புதிதாக அளந்து பதிகிற மறு அளவைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். எல்லா வீட்டுக்கும் புதுக் கதவு எண் கொடுத்தார்கள். கூடவே ஓர் அறிவிப்பையும் ஒட்டினார்கள். மாதக் கடைசிக்குள் உரிமையாளரோ வாரிசோ சான்றுகளோடு வராத மனைகள் உரிமை கோராத நிலம் என்று எழுதப்படும். அண்ணிக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, பிறந்த வீடும் எப்போதோ கலைந்துவிட்டது. அறிவிப்பைப் படித்ததிலிருந்து அவள் இரவில் விளக்கை அணைப்பதில்லை.

கடைசியில் இரண்டு பேரும் அண்ணன் தாள்களைப் போட்டு வைத்திருந்த துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நிலப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். நடந்ததைச் சொல்லிக் கொஞ்சம் அவகாசம் கேட்பதாகத்தான் திட்டம். அண்ணனின் இறப்புச் சான்றிதழை எடுத்துப் போனதும், இத்தனை நாள் அலைந்தவர் ஏன் வரவில்லை என்று காட்டத்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளவயதுப் பெண். சளி பிடித்திருந்தது, கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். உரிமையாளர் இறந்துவிட்டாரா என்று கேட்டாள். அண்ணி ஆமாம் என்றாள். சான்று இருக்கிறதா என்றாள். அண்ணி பையைத் திறந்தாள். முதலில் கைக்கு வந்தது அண்ணனின் சான்றிதழ்.

அதிகாரி பேனா முனையால் பெயரை எழுத்தெழுத்தாகத் தொட்டாள். திரையைப் பார்த்தாள். தகப்பன் பெயரைத் தொட்டாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. நீங்க அவரு சம்சாரமா?"

"ஆமா" என்றாள் அண்ணி. அது உண்மைதான்.

பாப்பாவின் பரிசோதனைக்கூடத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்துவிட்டால் குழாயில் சிவப்பு மையால் கோடு போடுவார்கள். பெயரை நம்பாதே, பிறந்த தேதியைக் கேள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே பாப்பாதான். ஒருவர் இரத்தத்துக்கு வந்த முடிவை இன்னொருவர் கையில் கொடுத்த பெண்ணை அவளே வேலையை விட்டு நிறுத்தச் சொன்னதும் உண்டு. பிறந்த தேதியைக் கேளும்மா என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்போது அண்ணியின் கை அவள் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை, கிள்ளவில்லை, சும்மா இருந்தது. சில்லென்று இருந்தது. பாப்பா வாயை மூடிக்கொண்டாள். முத்திரை விழுந்தது. புதுத் தாள் சூடாக வெளியே வந்தது, அதன் மேலும் ஒரு முத்திரை விழுந்தது. காலஞ்சென்ற இன்னார், தகப்பன் பெயர் இன்னார், இறந்த தேதி என்று அண்ணன் மதியம் படுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அதன் கீழே அண்ணியின் பெயர், புதுக் கதவு எண். கழுதை ஓட்டிப் போனவர் இத்தனை காலம் கழித்துப் போன மாதம் செத்துப்போனார். அவரைத் தேடியவனின் சாவை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார்கள். பாப்பாவுக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. தாளை மடக்காமல் பிடிங்க அண்ணி, முத்திரை மை ஈரமா இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமாகத் திரும்பியே இருந்தாள். இறங்குகிற சமயத்தில், அவரு இருந்தா என்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாரு இல்ல என்று கேட்டாள். விட்டிருப்பாரு, ஆனா பேசியிருக்க மாட்டாரு என்றாள் பாப்பா. அது போதும் என்று அண்ணி சொன்னாள். அழுதாளா என்று பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டைத் திறந்ததும் பாப்பா வழக்கம் போல அலமாரிக்குப் போனாள். இனி இதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்துவிட்டது, தாள் கிடைத்துவிட்டது. இருந்தும் கை வயரை எடுத்தது. சொருகிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

ஓர் ஆண் குரல். வயதான குரல், பணிவான குரல். காப்பகத்திலிருந்து பேசுகிறேன் என்றது. அண்ணனின் பெயரைச் சொல்லி, அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, அவர் விஷயமாக மனு வந்திருந்தது, பேசுவது யார் என்று கேட்டது. அந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாக யாராவது சொன்னால் பாப்பாவுக்கு ஒரு முகம்தான் தெரியும்.

"அவரு தங்கச்சி பேசறேன்."

எதிர்முனையில் தாள் புரண்டது. "கூடப் பொறந்த தங்கச்சிங்களா?"

"ஆமா."

குரல் சட்டென்று உயர்ந்தது. காது மந்தமான கிழவியிடம் பேசுவது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அம்மா நான் பேசுவது கேட்கிறதா, உட்கார்ந்துகொண்டு பேசுங்கள் என்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் பாப்பாவுக்குப் புரிந்தது. அவர் சொல்வது தாத்தாவை. அவருடைய தங்கை இன்னும் உயிரோடு இருந்து போனை எடுத்திருக்கிறாள் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். நூறு வயதுக் கிழவி. வேறு நாளாக இருந்தால் அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருப்பாள். நான் பேத்திங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். காலையிலிருந்து அவள் சொல்லாமல் விடுவது இது இரண்டாவது தடவை. பாப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அவர் மெதுவாக, பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொல்லிக்கொண்டே போனார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தாராம். சிறைப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தாராம். புதைத்த இடங்களின் பட்டியலை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தாராம். மனு போட்டவர் எழுத்தில்தான் வேண்டும் என்று விடாப்பிடியாகக் கேட்டிருந்ததால் கிடங்கில் இருந்த மூட்டைகளைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டாராம்.

"இத்தனை வருசமா காத்துக்கிட்டு இருக்கீங்க. உங்ககிட்ட தப்பா ஒண்ணும் சொல்லிடக் கூடாது பாருங்க. எல்லாம் பார்த்துட்டேம்மா. உங்க அண்ணன் இறந்துட்டதா எங்கயுமே பதிவு இல்ல."

வீடு முழுக்கக் கேட்டது. அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

அண்ணன் போய்விட்டான் என்று டாக்டர் சொன்னார், தெரு சொன்னது, வந்து கையைப் பிடித்துக்கொண்ட ஒவ்வொருவரும் சொன்னார்கள், இன்று காலை அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்லிவிட்டது. இல்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். பாப்பாவின் கீழுதட்டில் என்னவோ ஊர்ந்தது. பல்லுக்குப் போட்ட ஊசி தெளிகிற நேரத்தில் முதலில் இப்படித்தான் ஊரும், பிறகு வலிக்கும்.

"சரிங்க" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அதை எழுத்துல குடுப்பீங்களா?"

கண்டிப்பாகத் தருகிறேன் என்றார் அவர். அலுவலக முத்திரையோடு, பெயர் தகப்பன் பெயர் எல்லாம் போட்டு, அன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். விலாசம் கேட்டார்.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். அண்ணி ஈரக் கையோடு வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், அவள் தலைக்கு மேலே இரண்டு பென்சில் கோடுகள். மேசையில் புதுத் தாள் மடங்காமல் கிடந்தது. செத்துவிட்டார் என்கிற அந்தத் தாளும், சாவுக்குப் பதிவே இல்லை என்று வரப்போகிற கடிதமும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேண்டாம் என்று அண்ணி தலையசைத்தால் போனை வைத்துவிடலாம். பாப்பா காத்திருந்தாள். அண்ணி அசையவில்லை. அம்மா, இருக்கீங்களா என்று போன் கேட்டது.

பாப்பா விலாசத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கதவு எண்ணில் நாக்குப் பழகிய எண்தான் வந்தது.

"அது பழைய நம்பர் பாப்பா" என்றாள் அண்ணி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, மேசையிலிருந்த தாளை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, போன் பக்கமாகக் குனிந்து, புது எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தாள்.